இருபத்து மூன்று நாள் மாத்திரை

குணசுந்தரிக்குத் தேதி தவறியதே இல்லை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் மருந்து பாட்டில்களுக்கு மூடி செய்யும் கம்பெனி ஒன்றில் அவள் வேலை பார்த்தாள். ஒரே பெல்ட்டில் அவளுக்கு எதிரே நின்று மூடிகளைச் சரிபார்க்கும் ஆரோக்கியமேரி, "காலண்டர்காரன் உன்னக் கேட்டுதான்டி அச்சடிக்கிறான்" என்று கேலி செய்வாள். மூன்று நாள், மிஞ்சிப் போனால் நாலாம் நாள் காலை, அவ்வளவுதான். வயிற்றுவலி, இடுப்புவலி என்று மற்றப் பெண்கள் சூப்பர்வைசரிடம் கெஞ்சிக்கொண்டிருக்கும்போது இவள் பாட்டுக்கு நின்று வேலை பார்ப்பாள். தன் உடம்பைப் பற்றி யோசிக்க அவளுக்கு அவசியமே வந்ததில்லை, இருபத்தொன்பது வயது வரைக்கும்.

2004 ஆடி மாதம் அவர்கள் ஊர் அம்மனுக்குக் கூழ் வார்க்கும் திருவிழா. கவரப்பேட்டை ஸ்டேஷனிலிருந்து சைக்கிளில் இருபது நிமிடம் போனால் அந்த ஊர். மாமியார் லட்சுமியம்மாளுக்கு அங்கே ஒன்றரை ஏக்கர் நெல் நிலம் இருந்தது. கணவன் சந்திரமோகன் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் கிரேன் ஓட்டினான். ஒரே மகள் மேகலாவுக்கு ஆறு வயது. அந்த வருடம் அம்மன் கரகத்தை வீட்டில் இறக்கி வைத்துப் பூஜை செய்யும் முறை இவர்களுக்கு வந்திருந்தது.

"உன் தேதி எப்போ?" என்று லட்சுமியம்மாள் கேட்டாள்.

குணசுந்தரி விரல் விட்டுப் பார்த்தாள். சரியாகத் திருவிழாவன்று விழுந்தது.

"மெடிக்கல்ல தள்ளிப்போடுற மாத்திரை விக்கிறான், வாங்கிப் போட்டுக்க. எல்லார் ஊட்லயும் அதான் பண்றாங்க. கரகம் வர்ற நேரத்துல நீ ஒதுங்கிக் குந்திக்கினா யாரு செய்யறது?"

குணசுந்தரிக்கு அதில் தப்பாக எதுவும் தோன்றவில்லை. ஆரோக்கியமேரியே வேளாங்கண்ணிக்குப் போகும்போது ஒரு தடவை போட்டிருக்கிறாள். மருந்துக்கடைப் பையன் சீட்டு எதுவும் கேட்கவில்லை. ஒரு அட்டையைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து, ஒரு நாளைக்கு மூன்று வேளை என்றான்.

ஐந்து நாள் சாப்பிட்டிருந்தாள். அதற்குள் ஊரில் ஒருவர் இறந்துபோனார். கருமாதி முடிந்த பிறகுதான் திருவிழா என்று பஞ்சாயத்தில் சொல்லிவிட்டார்கள். மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று மறுபடி கடைக்குப் போய்க் கேட்டாள். "நிறுத்துனா ரெண்டு மூணு நாள்ல வந்துடும்க்கா. அப்புறம் தேதி தாறுமாறாயி திருவிழா நேரத்துலயே மறுபடி வந்தாலும் வரும். அப்டியே கன்டினியூ பண்ணுங்க" என்றான் பையன். அவள் தொடர்ந்தாள். மொத்தம் இருபத்து மூன்று நாள்.

கூழ் நன்றாக அமைந்தது என்று ஊரே சொன்னது. கரகம் வந்தபோது குணசுந்தரி மஞ்சள் புடவையில் வாசலில் நின்று வாங்கினாள். முந்தின நாளிலிருந்தே பின்மண்டையில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல ஒரு வலி. வெயில் என்று நினைத்தாள். திருவிழா முடிந்து மூன்றாம் நாள் வாந்தி எடுத்தாள். கவரப்பேட்டை டாக்டர் பித்தம் என்று ஊசி போட்டார். நாலாம் நாள் வேலைக்குப் போனாள். பெல்ட்டில் வந்த ஒவ்வொரு மூடியும் அவளுக்கு இரண்டாகத் தெரிந்தது.

"மேரி, இன்னா இன்னைக்கு டபுளா உடறான் மிஷின்காரன்?" என்று கேட்டாள். அதுதான் அவளுக்கு நினைவிருக்கிறது. அதன் பிறகு வலிப்பு வந்து விழுந்ததும், ஆரோக்கியமேரி தன் முந்தானையை அவள் பல்லுக்கு நடுவே திணித்ததும், கம்பெனி வேனில் சென்னைக்குக் கொண்டுபோனதும் பிறர் சொல்லித்தான் தெரியும்.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் மூளையைப் படம் எடுத்தார்கள். மூளையிலிருந்து ரத்தம் இறங்கும் குழாயில் கட்டி அடைத்திருந்தது. அவளுக்குப் பேச்சு தெளிந்த அன்று, நரைத்த தலையுடன் ஒரு பெண் டாக்டர் கட்டில் ஓரமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். தள்ளிப்போடும் மாத்திரை என்றதும் எழுதுவதை நிறுத்தினார்.

"எத்தனை நாள்?"

"இருவத்தி மூணு."

"குடும்பத்துல யாருக்காவது கால் வீங்கியிருக்கா? திடீர்னு யாராவது இறந்திருக்காங்களா?"

குணசுந்தரியின் அப்பா வீரராகவன் லாரி டிரைவர். அவளுக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது, ஒரு வாரம் இடது கால் பூசணிக்காய்போல வீங்கிக் கிடந்தார். எட்டாம் நாள் காலை நாஷ்டாவுக்கு உட்கார்ந்தவர் மூச்சு வாங்குகிறது என்றார், இட்லியைத் தொடவேயில்லை. மாரடைப்பு என்றே எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

"எங்க நைனாவுக்கு வீங்கிக்கினு இருந்துச்சு" என்றாள்.

அவள் ரத்தத்தை வெளியே அனுப்பிச் சோதித்தார்கள். ரத்தம் தேவையில்லாமல் உறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் ஒரு சத்து அவளுக்குப் பிறவியிலேயே குறைவு, அப்பாவிடமிருந்து வந்திருக்கலாம். சும்மா இருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அந்த மாத்திரையில் இருந்த ஹார்மோன்தான் கிளப்பிவிட்டது. டாக்டர் ஒரு நோட்டுப்புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுதினார். ரத்தம் உறையாமல் இருக்க ஆயுளுக்கும் தினம் ஒரு மாத்திரை. மாதம் ஒரு முறை வந்து ரத்தம் கொடுக்க வேண்டும். இந்த மாத்திரை சாப்பிடும்போது கர்ப்பம் தரிக்கக் கூடாது. அதற்காகக் கருத்தடை மாத்திரையும் சாப்பிடக் கூடாது. கடைசி வரியை மட்டும் சிவப்பு மையில் எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டார். ஹார்மோன் கூடாது.

உயிர் பிழைத்ததே பெரிது என்று வீட்டுக்கு வந்தார்கள். அடுத்த மாதம் தேதி தவறாமல் வந்தது. ஆனால் அவளுக்குத் தெரிந்த மூன்று நாளாக அது வரவில்லை.

குழாயைத் திறந்துவிட்டதுபோல் போனது. நாலு நாள், ஏழு நாள், பதினோரு நாள். இரண்டு நாப்கினை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அதன்மேல் பழைய வேட்டித் துணியை மடித்து வைத்தாலும் ஒரு மணி நேரம் தாங்கவில்லை. எலுமிச்சை அளவுக்குக் கட்டி கட்டியாக விழுந்தது. உறையக் கூடாது என்று மாத்திரை சாப்பிடும் ரத்தம் இங்கே மட்டும் இப்படி உறைந்து விழுகிறதே என்று அதைப் பார்த்து நின்றாள். கம்பெனியில் எட்டு மணி நேரத்துக்கு இரண்டு முறைதான் பாத்ரூம் போக விடுவார்கள். ஆரோக்கியமேரி சூப்பர்வைசரின் முதுகைப் பார்த்து, "இப்ப ஓடு" என்று சைகை காட்டுவாள். குணசுந்தரியின் பக்கத்து மூடிகளையும் சேர்த்து அவளே பொறுக்குவாள்.

ஒரு நாள் காலை ரயிலில், கும்மிடிப்பூண்டி வந்து எல்லோரும் இறங்க எழுந்தபோது, அவளால் எழ முடியவில்லை. எழுந்தால் சீட்டு தெரியும். பெட்டி காலியாகும்வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு சாப்பாட்டுப் பையிலிருந்த தண்ணீரை ஊற்றி, முந்தானையால் சீட்டைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்கக் காலடியில் சொட்டியது. அந்த ரயில் திரும்பச் சென்னைக்குக் கிளம்பியது. அவள் இறங்கவில்லை; கவரப்பேட்டை வந்ததும் நனைந்த புடவையோடு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்த மாதம்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. தீட்டு நாட்களில் மட்டும் ரத்த மாத்திரையை நிறுத்தினாள். இரண்டு மூன்று நாளில் பெருக்கு மட்டுப்பட்டது. தானே ஒரு வழியைக் கண்டுபிடித்துவிட்டதாக அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. மூன்று மாதம் அப்படி ஓடியது. நாலாவது மாதம் குளிக்கும்போது இடது கால் வலது காலைவிடப் பருத்துத் தெரிந்தது. கெண்டைச்சதையை அழுத்தினாள், உயிர் போகிற வலி. நைனா கட்டிலில் காலை நீட்டிக் கிடந்தது கண்முன் வந்தது. ஈரத் துணியோடு வாசலுக்கு வந்து, "அத்தே, அவர வரச் சொல்லுங்க, அவர வரச் சொல்லுங்க" என்று கத்தினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கோபப்பட்டார். "உங்களை யாரு நிறுத்தச் சொன்னது? நுரையீரலுக்குப் போயிருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமா?"

"வேற இன்னா பண்ணச் சொல்றீங்க?" குணசுந்தரி அழவில்லை, கத்தினாள். "போட்டா ரத்தம் போயி சாவறேன். போடலன்னா ரத்தம் கட்டி சாவறேன். எதுல சாவறதுன்னு நீங்களே சொல்லுங்க. கர்ப்பப்பைய எடுத்துப் போட்டுடுங்க, நான் கையெழுத்து போடறேன்."

டாக்டர் அவளை உட்காரச் சொன்னார். அறுவை சிகிச்சைக்கு இந்த மாத்திரையை நிறுத்த வேண்டும், நிறுத்தினால் மறுபடி கட்டும், முப்பது வயதில் அந்த ஆபத்துக்கு எந்த சர்ஜனும் ஒப்புக்கொள்ள மாட்டார் என்றார். இரும்புச் சத்து மாத்திரை எழுதினார். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றி அனுப்பினார்கள்.

2006இல் ஒரு மாதம் தேதி வரவில்லை. வராததில் குணசுந்தரிக்கு முதலில் ஏற்பட்டது ஆனந்தம்தான். ஒரு மாதம் ஓய்வு, உடம்பே இரக்கப்பட்டு விட்டிருக்கிறது என்று நினைத்தாள். இரண்டாம் மாதம்தான் உறைத்தது. சந்திரமோகன் எப்போதும் ஜாக்கிரதையாக இருந்தவன் இல்லை. அவளும் கேட்டுச் சண்டை போட்டதில்லை.

லட்சுமியம்மாள் முகம் மலர்ந்தது. "ஆம்பளப் புள்ளதான், பாரு" என்றாள். ஆஸ்பத்திரியில் வேறு மாதிரி சொன்னார்கள். குழந்தைக்கு மூக்கும் எலும்பும் உருவாகிற வாரங்களிலெல்லாம் இவள் அந்த மாத்திரையைச் சாப்பிட்டிருக்கிறாள். பாதிப்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வைத்துக்கொள்வதென்றால் பிரசவம்வரை தினமும் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே அவள் உடம்பில் ரத்தம் பாதிதான் இருந்தது. முடிவை அவளிடமே விட்டார்கள். அவள் இரண்டு நாள் யோசித்துக் கலைத்துவிடச் சொன்னாள்.

கலைத்த பிறகு பத்தொன்பது நாள் போனது. லட்சுமியம்மாள் பேசவில்லை. ஆனால் குணசுந்தரி கட்டிலிலிருந்து எழ முடியாத அந்த நாட்களில் துணிகளையெல்லாம் மோட்டார் கொட்டகைத் தொட்டியில் அவள்தான் அலசிக் காயப்போட்டாள். ஒரு நாள் மத்தியானம் உலர்ந்த துணிகளைக் கட்டிலில் போட்டு மடித்துக்கொண்டிருந்தாள். குணசுந்தரிக்கு அடக்கி வைத்திருந்தது வெடித்துவிட்டது.

"நீங்கதான அத்தே அந்த மாத்திரைய முழுங்கச் சொன்னது?"

லட்சுமியம்மாளின் கை நின்றது. "சொன்னேன். நான் மட்டுமா சொன்னேன்? ஊர்ல அத்தினி பொம்பளையும் முழுங்குறா. உனக்கு மட்டும் ஏன்மா இப்டி ஆச்சு?"

அந்தக் கேள்வியில் குத்தல் இல்லை. அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. மாமியார் மிச்சத் துணிகளையும் மடித்து அடுக்கிவிட்டு எழுந்து போனாள்.

கம்பெனியில் காண்ட்ராக்ட்காரர் அவள் பெயரை எடுத்துவிட்டிருந்தார். ஆஸ்பத்திரியில் சந்திரமோகனைக் கூப்பிட்டுப் பேசினார்கள். இவளுக்கு மாத்திரையும் ஆகாது, காப்பர்-டி போட்டால் பெருக்கு இன்னும் கூடும், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் ஆபத்து. கணவர் செய்துகொண்டால் பத்து நிமிட வேலை என்றார்கள். அவன் தலையாட்டிவிட்டு வந்தான். வீட்டில் அவள் கேட்டபோது சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னான்:

"என்னால முடியாது சுந்தரி. நான் நாப்பது படி ஏறி மேல குந்திக்கினு கம்பிக்கட்டு தூக்குறவன். தெம்பு போயி கை நடுங்குச்சுன்னா கீழ நிக்கிறவன் மேல உழும்."

"தெம்பு போவாதுன்னு டாக்டர் சொல்லுச்சே."

"அது சொல்லும். பண்ணிக்கினவன் ஒருத்தன் எங்க மில்லுல இருந்தான், ஆறு மாசத்துல வேலைய வுட்டுட்டுப் போயிட்டான்."

"கம்பிக்கட்டு ஏற்கெனவே என் மேல உழுந்துச்சே, அத இன்னான்றீங்க?"

அவன் கிணற்றடிக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து குணசுந்தரி மேகலாவின் பாயில் படுத்தாள். அவளால் முடிந்த கருத்தடை அது ஒன்றுதான். சந்திரமோகனும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் மாதாமாதம் ரத்தம் கொடுக்கப் போகும் நாளில் ஷிப்டை மாற்றிக்கொண்டு கூடவே வருவான். வரிசையில் அவளுக்காக அவனே நிற்பான். ஆபரேஷனுக்கு மட்டும் அவன் மனம் வரவில்லை. அவனை வெறுக்கவும் முடியாமல் மன்னிக்கவும் முடியாமல் அவள் இரண்டு வருடம் கழித்தாள்.

2008இல் நரைத்த டாக்டர் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு வயதில் சின்னவராக ஒரு பெண் வந்தார். நோட்டுப்புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட்டு, காப்பர்-டி மாதிரியே கர்ப்பப்பைக்குள் வைக்கும் இன்னொன்று இருக்கிறது, ஐந்து வருடம் இருக்கும், பெருக்கைக் குறைக்கும், கர்ப்பமும் தரிக்காது என்றார். "அதுல கொஞ்சம் ஹார்மோன் இருக்கும்."

குணசுந்தரி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள். நோட்டுப்புத்தகத்தைத் திருப்பிச் சிவப்பு எழுத்தைக் காட்டினாள். "இத எழுதனவங்க என்னக் காப்பாத்தனவங்க. நீங்க இப்டி சொல்றீங்க. நான் யார நம்பறது?"

"அவங்க எழுதினது சரிதான். நீங்க சாப்பிட்ட மாத்திரை உடம்பு முழுக்க ஓடுற ரத்தத்துல கலக்கும். இது வேற வகை. பெரும்பாலும் வெச்ச இடத்துலயே நிக்கும்."

"பெரும்பாலும்னா?"

டாக்டர் மழுப்பவில்லை. "ஆபத்தே கிடையாதுன்னு நான் எழுதித் தர மாட்டேன்மா. இப்படியே மாசா மாசம் ரத்தம் கொட்டுறதைவிட ஆபத்து கம்மின்னு மட்டும்தான் சொல்றேன்."

அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். மூன்று வாரம் அந்த வார்த்தை காதிலேயே நின்றது. பெரும்பாலும். அடுத்த தீட்டில் எட்டாம் நாள் ரத்தம் கொடுக்கப் போக வேண்டியிருந்தது. கவரப்பேட்டை ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறும்போது பாதிப் படியில் மூச்சு முட்டி உட்கார்ந்தாள். சந்திரமோகன் விசிறினான். ஒரு ரயில் வந்து போனது. எழுந்தாள், நாலு படி ஏறி மறுபடி உட்கார்ந்தாள். இன்னொன்றும் போனது. பன்னிரண்டு கிராம் இருக்க வேண்டிய ரத்தம் அன்று அவளுக்கு நாலரை கிராம்தான் இருந்தது. டாக்டரின் மேஜையைப் பிடித்துக்கொண்டு, "வெச்சுடுங்க. கட்டுனா கட்டிக்கினு போவட்டும். என்னால முடியல" என்றாள்.

அதன் விலை சந்திரமோகனின் தீபாவளி போனஸை முழுக்கத் தின்றது. வைக்கும்போது அவன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். திரும்பும் வழியெல்லாம் அவள் தன் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பெருக்கு நின்றுவிடவில்லை. கொட்டுவது போய்ச் சொட்டுவதாக மாறியது; ஆனால் நிற்காமல் தினமும் சொட்டியது. ஒரு மாதம், இரண்டு மாதம், ஐந்து மாதம். தலை லேசாக வலித்தாலும் அவளுக்கு உடம்பு வியர்த்துவிடும். ஜன்னல் கம்பிகள் ஒன்றாகத் தெரிகின்றனவா இரண்டாகவா என்று எண்ணிப் பார்ப்பாள். காலையில் எழுந்ததும் சணல் கயிற்றால் இரண்டு கெண்டைக்காலையும் அளப்பாள். எடுத்துவிடுங்கள் என்று மூன்று முறை ஆஸ்பத்திரிக்குப் போனாள். "இன்னும் ஒரே ஒரு மாசம்" என்று மூன்று முறையும் டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டார். ஆறாவது மாதம் ஒரு வாரம் துணி காய்ந்தே இருந்தது. அவள் நம்பவில்லை. ஏழாவது மாதம் இரண்டு நாள் கறை மட்டும் பட்டு நின்றது. ரத்தம் ஒன்பது கிராமுக்கு ஏறியது. தொழிற்பேட்டையில் ஒரு கேன்டீனில் காய் நறுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள்; அங்கே உட்கார்ந்து வேலை செய்யலாம்.

கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்ட நேரத்தில் டாக்டர் கேட்டார்: "பொண்ணுக்கு என்ன வயசு? அவ ரத்தத்தையும் ஒரு தடவை பாத்துடலாமே."

மேகலாவுக்குப் பத்து முடிந்திருந்தது. முடிவு வர ஒரு மாதம் ஆனது. வாங்கப் போனபோது சந்திரமோகன் தாளை மேலும் கீழும் திருப்பிப் பார்த்துவிட்டு அவளிடம் கொடுத்தான். அந்த எழுத்தை இப்போது அவளுக்குப் படிக்கத் தெரியும்.

"இருக்குதாம்" என்றாள்.

இருந்தாலும் வாழ்நாள் முழுக்க ஒன்றும் ஆகாமலே போகலாம், என்ன செய்யக் கூடாது என்று தெரிந்திருந்தால் போதும் என்றார் டாக்டர். குணசுந்தரி கேட்டுக்கொண்டாள். வெளியே வந்து வராந்தாத் தூணில் சாய்ந்து நின்றபோதுதான் உடம்பு குலுங்கியது. தன் நைனாவிடமிருந்து வந்தது என்று தெரிந்தபோதுகூட அவள் இப்படி அழுததில்லை; மகளுக்கு இதை அவளே கொடுத்திருக்கிறாள்.

ரயிலில் சந்திரமோகன் குரலைத் தாழ்த்தி, "யாரு கைலயும் சொல்லாத. நாளைக்கு இவளுக்கு கண்ணாலம் காச்சி ஆவணும்" என்றான்.

"சொல்லுவேன். எல்லார் கைலயும் சொல்லுவேன்."

சொன்னாள். பள்ளிக்கூட டீச்சரிடம், நாத்தனார்களிடம், தெருக் குழாயடியில், எல்லோரிடமும். கேட்டுக்கொண்டவர்கள் சிலர், அந்த வீட்டு ரத்தமே கெட்ட ரத்தம் என்று பேசியவர்கள் சிலர். பேசியது அவள் காதுக்கும் வந்தது. வந்த அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

மேகலா 2009 நவம்பரில் பெரியவளானாள். நல்ல மழை அன்று. லட்சுமியம்மாள் பச்சை ஓலை வெட்டி வரச் சொல்லி ஆள் அனுப்பினாள். முதல் தடவை ஏழு நாள் போனது. ஏழு நாளும் குணசுந்தரி வேலைக்குப் போகவில்லை. மகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். எட்டாம் நாள் தன் நோட்டுப்புத்தகத்தைப் பிரித்து, அந்தச் சிவப்பு வரியை மகளையே உரக்கப் படிக்கச் சொன்னாள்.